புதுத்தண்ணியில் கழுவிய புல்லட்

பஞ்சநதம் ஒரு எஞ்சினைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டால் அந்தப் பக்கம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. யோசனை சொல்லவே கூடாது. பாபநாசத்துக்குக் கிழக்கே டீசல் எஞ்சின் வைத்து வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும். முப்பத்தெட்டு வருஷமாக அவர் கை படாத எஞ்சின் அந்த வட்டாரத்தில் கிடையாது. தனக்குத் தெரியாத எஞ்சினை இனிமேல்தான் ஒருத்தன் செய்ய வேண்டும் என்று டீக்கடையில் உட்கார்ந்து சொல்வார். கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள். நாற்றங்கால் காய்கிற நேரத்தில் எஞ்சின் நின்றுபோனால் இந்த மனுஷன்தானே வந்தாக வேண்டும்.

ஆள் தங்கமானவர், வாய்தான் கொஞ்சம் நீளம். பூதலூர் ஸ்டேஷனில் நின்றுபோன ரயில் எஞ்சினைத் தான் ஒரு ஸ்பானரோடு ஏறிக் கிளப்பிவிட்டதாக ஒரு கதை வைத்திருக்கிறார். வருஷத்துக்கு வருஷம் அந்த ரயிலில் ரெண்டு பெட்டி கூடிக்கொண்டே போகும். அதையும் நம்புகிறவர்கள் இருந்தார்கள்.

புல்லட் அவர் வீட்டுக்கு வந்தது வைகாசியில். அதே தெருக்காரரான பரணிதரனுக்குச் சிங்கப்பூரில் வேலை. அவருடைய அப்பா ஓட்டிய எழுபத்திரண்டாம் வருஷத்துப் புல்லட் அது. அப்பாவுக்கு முட்டி போனதிலிருந்து ஆறு வருஷமாகக் கொட்டகையில் கிடந்தது. போன ஆடியில் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். பரணிதரன் போன் பண்ணினார். வருஷத் திதிக்கு மூணு வாரம் லீவில் வருகிறேன், வந்தால் அந்த வண்டியில்தான் சுற்ற வேண்டும் என்று ஆசை, முடியுமா மாமா என்றார். இல்லை, புல்லட்டுக்கென்றே தஞ்சாவூரில் மெக்கானிக் இருக்கிறார்களாமே, அங்கே விடட்டுமா என்றும் கேட்டார். இந்த ரெண்டாவது கேள்வியைக் கேட்டிருக்கவே கூடாது. பஞ்சநதத்துக்குச் சுருக்கென்றது. வண்டியை என் வீட்டில் கொண்டுவந்து இறக்கச் சொல், ஆடி ஒண்ணாம் தேதி கிளப்பித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அதுவரைக்கும் ஒரு புல்லட் எஞ்சினின் மூடியைக்கூட அவர் திறந்து பார்த்தது கிடையாது.

வீட்டுக்குப் பின்னால் மாடில்லாத மாட்டுக்கொட்டகை ஒன்று இருந்தது. அதைப் பெருக்கி, பழைய சேலையை விரித்து வேலையை ஆரம்பித்தார். கழற்றுகிற நட்டும் போல்ட்டும் கலந்துவிடக் கூடாதே என்று வீட்டுக்குள் போய் இட்லித் தட்டு மூணையும் தூக்கிக்கொண்டு வந்தார். குழிக்கு ஒரு ரகமாக நட்டைப் போட்டுச் சுவரில் கரியால் குறிப்பு எழுதினார். அவர் மனைவி அம்சம் நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவள். முப்பது பெண்களை வயலில் வரிசையாக நிறுத்தி வேலை வாங்குகிற குரல். அந்தக் குரலில் இட்லித் தட்டைக் கேட்டாள். எஞ்சின் முடிகிற வரைக்கும் தோசைதான் என்றார் பஞ்சநதம். செல்போனில் இந்த வண்டியைப் பிரிக்கிற வீடியோ இருக்கிறதாமே, ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்களேன் என்றாள். அதற்கு ரெண்டு நாள் அவளோடு பேச்சில்லை.

பிஸ்டன் துருப்பிடித்து சிலிண்டரோடு ஒட்டிக் கிடந்தது. அவசரப்பட்டு அடித்தால் விரிசல் விழும் என்று ஒரு வாரம் டீசலும் தேங்காய் எண்ணெயுமாக மாற்றி மாற்றி ஊற்றி ஊறவைத்தார். எட்டாம் நாள் மரக்கட்டையை வைத்துத் தட்டினார், அசைந்து கொடுத்தது. அவ்வளவு பொறுமையாக வேலை செய்கிற ஆளும் இவர்தான், யாராவது ஒரு வார்த்தை சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆளும் இவர்தான். அன்றைக்கு மத்தியானம் அடியிலிருந்த அலுமினியப் பெட்டியையும் ரெண்டாகப் பிளந்து உள்ளே இருந்த சக்கரங்களை வெளியே எடுத்துவிட்டார். எல்லாம் சேலை மேல் வரிசையாகக் கிடந்தது. எங்கே எது போகும் என்று அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

சிலிண்டரை மட்டும் வீட்டில் வைத்துச் சரிசெய்ய முடியாது. உள்பக்கம் தேய்ந்து போனதைக் கடைந்து, கொஞ்சம் பெரிய பிஸ்டன் போட வேண்டும். அதற்கு ஒரே இடம் பாபநாசம் ரயில்வே கேட் பக்கத்தில் காதர் மைதீன் பாயின் லேத் பட்டறைதான். பஞ்சநதமும் பாயும் இருபது வருஷப் பழக்கம். பாய் அதிகம் பேசமாட்டார், பஞ்சநதம் பேசுவதற்கு அது வசதி. நாலு நாளில் வேலையை முடித்து, சிலிண்டரில் எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்த பாய், வழக்கத்துக்கு மாறாக ஒரு வார்த்தை சொன்னார். இந்த எஞ்சினில் எண்ணெய் போகிற துவாரங்கள் ஊசி கனம்தான் இருக்கும், கழுவினால் டீசலில் கழுவி நன்றாகக் காற்றடித்துப் பூட்டுங்கள் என்றார். எனக்கே பாடமா என்று பஞ்சநதத்துக்கு உள்ளே எரிந்தது. வெளியே சிரித்து வைத்துவிட்டு வந்தார்.

அதற்குள் மேட்டூர் திறந்து, ஆனி பாதியில் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. முதல் தண்ணீர் என்றால் தெரியுமே, சருகும் நுரையுமாகச் செம்மண் நிறத்தில் உருண்டு வரும். பஞ்சநதம் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதுத்தண்ணி வந்த அன்றைக்குக் கையில் இருக்கிற ஸ்பானர், சுத்தியல், பிரித்துப் போட்ட எஞ்சின் சாமான் எல்லாவற்றையும் வாய்க்காலில் முக்கிக் கழுவி, அம்சம் கையால் குங்குமம் வைத்து எடுப்பார். மற்றவர்கள் அரிவாளையும் மண்வெட்டியையும் கழுவுகிற மாதிரிதான். அப்படிக் கழுவிப் பூட்டின எஞ்சின் ஒன்றுகூட அவரைக் கைவிட்டதில்லை. காரணம் இருக்கிறது. தண்ணீர் இறைக்கிற பழைய எஞ்சினில் எண்ணெய் அடியில் தேங்கி நிற்கும், ஒரு கரண்டி அதை அள்ளி அள்ளித் தெளிக்கும். கொஞ்சம் மண் உள்ளே கிடந்தாலும் அடியில் படிந்துவிடும், கேட்பாரில்லை. புல்லட்டில் எண்ணெய் அந்த ஊசித் துவாரங்கள் வழியாகத்தான் ஓட வேண்டும். அதில் வண்டல் ஏறினால் எடுக்க முடியாது. அவர் அதை யோசிக்கவே இல்லை. அடிப்பெட்டியை ரெண்டு கையாலும் பிடித்துத் தண்ணீரில் மூணு முழுக்குப் போட்டார், அம்சம் குங்குமம் வைத்தாள், வெயிலில் காயவைத்துத் துணியால் துடைத்துப் பூட்டிவிட்டார்.

ஆடி ஒண்ணாம் தேதி தெருவே கூடியிருக்க, நாலாவது உதையில் வண்டி கிளம்பியது. அந்த டப்-டப் சத்தம் கேட்டதும் பரணிதரன் கண் கலங்கிவிட்டார். பஞ்சநதத்துக்குத் தலை கால் புரியவில்லை. ரயில் எஞ்சின் கதையை இனிமேல் சொல்ல வேண்டாம், இதுவே போதும் என்று அம்சத்திடம் சொன்னார். இட்லித் தட்டும் அடுப்படிக்குத் திரும்பியது.

மூணாம் நாள் பரணிதரன் தஞ்சாவூர் போகிற வழியில், அய்யம்பேட்டை தாண்டினதும், ஓடுகிற வண்டியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் சுற்றாமல் நின்று, வண்டி இழுத்துக்கொண்டே போய்ச் சாய்ந்தது. பின்னால் வந்த பஸ் டிரைவர் சட்டென்று ஓரங்கட்டியதால் ஆள் பிழைத்தார். முழங்கையும் முட்டியும் தோலுரிந்ததோடு போயிற்று. லோடு ஆட்டோவில் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்து பஞ்சநதம் வீட்டு வாசலில் இறக்கினார்கள்.

பஞ்சநதம் எஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்றினார். சிலிண்டருக்குள் மேலிருந்து கீழ்வரைக்கும் கோடு கோடாகக் கீறல். பிஸ்டனின் ஓரத்தில் எண்ணெயில் கறுத்து ஏதோ ஒட்டியிருந்தது. விரலில் எடுத்து நசுக்கிப் பார்த்தார். நறநறவென்றது. பிறந்ததிலிருந்து காலில் ஒட்டிக்கொண்டு வருகிற மண்ணை அவருக்குத் தெரியாதா? அந்த நிமிஷமே விஷயம் முழுக்க விளங்கிவிட்டது.

பக்கத்தில் துரைக்கண்ணு நின்றிருந்தார். ஊரில் கதிர் அறுக்கிற மிஷின் வைத்திருப்பவர், நாலு பேர் அவர் பேச்சைக் கேட்பார்கள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, லேத்தில் சிலிண்டரைச் சரியாகக் கடையவில்லை, இறுக்கமாக விட்டுவிட்டான், அதுதான் பிடித்துக்கொண்டது என்றார். பரணிதரன் முட்டியைப் பிடித்துக்கொண்டு பஞ்சநதத்தைப் பார்த்தார்.

"அதானா மாமா?"

பஞ்சநதம் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "ம்" என்றார்.

அவ்வளவுதான். ஒரே ஒரு 'ம்'. தெருவில் நின்ற பத்துப் பேர் அதைக் கேட்டார்கள். பஞ்சநதமே சொல்லிவிட்டார் என்று சாயங்காலத்துக்குள் பாபநாசம் வரைக்கும் போய்விட்டது. துரைக்கண்ணுவின் மிஷின் எஞ்சின் குறுவை அறுப்புக்குள் தயாராக வேண்டும் என்று பாயின் பட்டறையில் இருந்தது. மறுநாளே ஆள் அனுப்பித் தூக்கிக் கும்பகோணத்துக்குக் கொண்டுபோய்விட்டார். பின்னாலேயே இன்னும் ரெண்டு பேர் தங்கள் சாமானை எடுத்துக்கொண்டார்கள். சிலிண்டரைக் கொடுத்தனுப்புங்கள், நான் ஒரு தடவை அளந்து பார்க்கிறேன் என்று பாய் சொல்லி அனுப்பினார். பஞ்சநதம் இதோ அதோ என்று தட்டிக் கழித்தார். அளந்தால் வண்டவாளம் தெரிந்துவிடுமே.

நாலு நாள் சோறு இறங்கவில்லை. வேலைக்குக் கூப்பிட்டால் உடம்பு சரியில்லை என்றார். முப்பத்தெட்டு வருஷம் சேர்த்த பெயர் ஒரு முழுக்கில் போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம். பாயின் பட்டறை சும்மா கிடக்கிறதே என்ற நினைப்பு இன்னொரு பக்கம். அம்சம் ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள், மூணாம் நாள் வழிமறித்துக் கேட்டாள். சொல்லிவிட்டார். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை.

"முக்கினது நீங்க, பொட்டு வச்சது நானு. நடுவுல பாய் எங்கேங்க வந்தாரு? போய்ச் சொல்லிட்டு வாங்க. அப்புறம்தான் எனக்கு இந்த வீட்டுல நிம்மதி."

அடுத்த நாள் காலையில் டீக்கடைக்குப் போனார். எல்லாரும் இருந்தார்கள், துரைக்கண்ணுவும் இருந்தார். தப்பு என்னுது, வாய்க்காலில் கழுவினேன், மண் ஏறிவிட்டது, பாய் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று நின்றுகொண்டே சொன்னார்.

யாரும் நம்பவில்லை ஐயா! துரைக்கண்ணு எழுந்து வந்து அவர் தோளில் தட்டிக் கொடுத்தார். உங்களுக்குப் பெரிய மனசு, சிநேகிதரை விட்டுக் கொடுக்காமல் பழியைத் தூக்கி உங்கள் தலையில் போட்டுக்கொள்கிறீர்கள், இந்தக் காலத்தில் யார் இப்படிச் செய்வார்கள் என்றார். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். புதுத்தண்ணியில் கழுவி ஒரு எஞ்சின் கெட்டுப்போகுமா, இத்தனை வருஷம் கெடாததா என்று ஒருத்தர் சிரித்தார். பஞ்சநதம் அடித்துச் சொல்லச் சொல்ல அவர் பெயர் ஏறிக்கொண்டே போயிற்று, பாயின் பெயர் இன்னும் கீழே இறங்கியது. பஞ்சநதமே வந்து காப்பாற்ற வேண்டிய அளவுக்கு வேலையைக் கெடுத்திருக்கிறான் பாருங்கள் என்று காதுபடவே பேசினார்கள். ரயில் எஞ்சின் கதையை நம்பின ஜனம், மனுஷன் ஜென்மத்தில் முதல் தடவையாக மனசறிந்து உண்மையைச் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறது. வந்த ஆத்திரத்தில் டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டார்.

வாயால் ஆகாது என்று தெரிந்துபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் எஞ்சினின் அடிப்பெட்டியை, பிரிக்காமல் அப்படியே, கீறல் விழுந்த சிலிண்டரோடு சேர்த்து லோடு ஆட்டோவில் ஏற்றினார். பாயின் பட்டறை வாசலுக்கு வரச்சொல்லி பரணிதரனுக்கும் துரைக்கண்ணுவுக்கும் ஆள் அனுப்பினார். துரைக்கண்ணு வந்தால் பின்னாலேயே டீக்கடையும் வந்துவிடும், வந்தது. அம்சமும் நடவுக்குப் போகாமல் கூடவே வந்து நின்றாள். பாய் பட்டறைக்குள்ளிருந்து வெளியே வந்து ஓரமாக நின்றார். ஆள் இளைத்திருந்தார்.

பஞ்சநதம் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டைத் தரையில் விரித்தார். எல்லாரும் பார்க்க ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். பெட்டி பிளந்தது. துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, எண்ணெய் போகிற துவாரத்துக்குள் விட்டு இழுத்தார். குச்சி நுனியில் சேறு. துண்டில் தடவினார். அடுத்த துவாரத்தில் விட்டார், அதிலும் சேறு. மூணாவது துவாரம் அடைத்தே போயிருந்தது, குச்சி போகவில்லை. துண்டை எடுத்து துரைக்கண்ணுவின் கையில் கொடுத்தார்.

"தொட்டுப் பாருங்க. இது லேத்துல வர்ற தூளா, நம்ம வாய்க்கால் வண்டலா? நீங்களே சொல்லுங்க."

துரைக்கண்ணு நசுக்கிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. துண்டு கை மாறிப் போயிற்று, விவசாயம் செய்கிறவன் எவனுக்கும் அந்த மண்ணில் சந்தேகம் வராது. பரணிதரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பஸ்ஸுக்கு அடியில் போயிருந்தால் என் பெண்டாட்டி பிள்ளைக்கு யார் பதில் சொல்வது, அன்றைக்கே தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். பஞ்சநதம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். கூட்டத்தில் ஒருத்தர், அப்போ எங்கள் எஞ்சினையெல்லாம் எதில் கழுவினீர்கள் என்றார், சிரிப்புக் கிளம்பியது. அதையும் வாங்கிக்கொண்டார். பெயர் போகிற சத்தம் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. ஆனால் இத்தனை நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது, அது நிஜம்.

துரைக்கண்ணு பாயிடம் போய், கும்பகோணத்தில் இன்னும் வேலையை ஆரம்பிக்கவில்லை, எஞ்சினைத் திரும்பக் கொண்டுவந்து போடுகிறேன் என்று மென்று முழுங்கிச் சொன்னார். பாய் சரி என்றார். கூட்டம் கலைந்தது. பரணிதரனும் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். அம்சம் சேறு படிந்த துண்டை மடித்து எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போய் உட்கார்ந்தாள்.

பஞ்சநதம் பாயின் எதிரில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய். பாயே பேசினார்.

"நீங்க அன்னைக்கே 'இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஊரு அதோட விட்டிருக்கும்ணே. ஊரு சொன்னது எனக்குப் பெருசில்ல. நீங்க சொன்னீங்கன்னு கேள்விப்பட்டேன். பஞ்சநதம் அண்ணன் சொன்னா அப்படித்தான் இருக்கும்னு நானும் நம்பிட்டேன். வீட்டுக்காரி ஹமீதா, 'நீங்க தப்பா கடைஞ்சிருக்க மாட்டீங்க'ன்னு சொல்லுச்சு. நான் அதுக்கிட்டயே சண்டை போட்டேன்."

பாய் கீறல் விழுந்த சிலிண்டரை எடுத்துத் துடைத்து மிஷினில் ஏற்றினார். இன்னும் கொஞ்சம் பெரிதாகக் கடைந்தால் வண்டி ஓடும், பரணிதரன் ஊருக்குப் போவதற்குள் முடித்துவிடலாம் என்றார். அளவுக் கருவியைச் சிலிண்டருக்குள் விட்டு, குனிந்து முள்ளைப் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்து பார்த்தார். முப்பது வருஷமாக ஒரே பார்வையில் அளவு சொல்கிற மனுஷன். அப்புறம் கொஞ்சம் கூச்சத்தோடு நகர்ந்து இடம் விட்டார்.

"நீங்களும் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கண்ணே. எனக்கு இப்பல்லாம் அளவைச் சரியா படிக்கிறேனான்னே தெரியல."